ஆறுதல் அக்கா

அக்காவின் வீட்டு மணியை அடித்துவிட்டு நிற்பவருக்கு முதலில் சந்தேகம் வரும். பிறகு கோபம் வரும். அதற்கும் பிறகுதான் அக்கா வருவார். உள்ளே அவர் தூங்கிக்கொண்டோ குளித்துக்கொண்டோ இருந்திருக்க மாட்டார். கதவுக்கு நாலடி தள்ளி ஒரு நாற்காலியில் இருந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்திருப்பார். மணிச்சத்தம் முழுதாக அடங்கட்டும் என்று பார்த்தாராம். தபால்காரர்கள் அவரிடம் தோற்றுப்போய், அவருக்கு வரும் பொதிகளைக் கீழ்வீட்டில், அதாவது எங்கள் வீட்டில், தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். அப்படித்தான் அவர் எனக்குப் பழக்கமானார்.

நாங்கள் அப்போதுதான் ஜேர்மனியை விட்டு லண்டனுக்கு வந்திருந்தோம். எட்மண்டனில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளம் எங்களுக்கு, மேல்தளம் அக்காவுக்கு. ஜேர்மனியில் நான் பாண், அதாவது ரொட்டி, சுடுகிற தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவள். அங்கே வேலை தொடங்கும் நேரத்துக்கு வந்தாலே பிந்தி வந்ததாகத்தான் எடுப்பார்கள். அந்தப் பழக்கம் எனக்கு எலும்பு வரை ஊறிவிட்டது. லண்டனில் வீட்டில் இருந்தபடி சாறிச் சட்டை தைத்துக் கொடுக்கத் தொடங்கியபோதும், சொன்ன நாளில் சட்டை தயாராகத் தொங்கும். வாங்க வருகிறவர்கள்தான் ஒரு கிழமை கழித்து அசைந்து அசைந்து வருவார்கள். இப்படிப்பட்ட என்னைக் கடவுள் கொண்டுவந்து அக்காவின் காலடியில் குடிவைத்தார்.

முதல் பொதியை மேலே கொண்டுபோய்க் கொடுத்த அன்று நான் வாசலில் நின்றே பொரிந்து தள்ளினேன்.

"எவ்வளவு நேரமா மணி அடிக்கிறது அக்கா? உள்ளுக்கு ஆரும் செத்துக்கித்துக் கிடக்கினமோ எண்டு பயந்துபோனன்!"

"சாகேல்லைப் பிள்ளை. உள்ளுக்கு வாரும். ஆறுதலா இருந்து ஒரு கோப்பி குடியும்."

எங்கள் பேச்சில் 'ஆறுதலா' என்றால் மெதுவாக, அவசரப்படாமல் என்று பொருள். ஆறுதலாச் சாப்பிடுங்கோ, ஆறுதலாப் போட்டு வாங்கோ என்று வாய்க்கு வாய் சொல்வோம். தமிழ்நாட்டில் இருந்து வந்து என்னிடம் சட்டை தைக்கிற பெண் ஒருத்தி, நான் "ஆறுதலா வாங்கோ" என்றதும் முகம் வெளுத்து, "ஏன்க்கா, எங்க வீட்ல யாரும் சாகலையே?" என்று கேட்டாள். அவர்களுக்கு அது துக்க வீட்டுச் சொல். எங்களுக்கு அது எல்லா நேரத்துக்கும் உரிய சொல். ஆனால் அதைச் சொல்கிற எங்கள் ஆட்களில் யாரும் அதைக் கடைப்பிடிப்பதில்லை. கடைப்பிடித்த ஒரே ஆள் எனக்குத் தெரிய அக்காதான். இவர், என் கணவர், அவருக்கு 'ஆறுதல் அக்கா' என்றே பெயர் வைத்துவிட்டார்.

பஸ் தரிப்பில் நின்றாலும் அப்படித்தான். பின்னால் நிற்கிற எல்லாரையும் ஏறவிடுவார். தள்ளுவண்டிக்காரி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஓடி வருகிறவன், ஓடி வருகிறவனுக்குப் பின்னால் நடந்து வருகிறவன். கடைசியில் சாரதி கதவைச் சாத்திவிடுவான். நான் பஸ்ஸுக்குள் இருந்து கண்ணாடியில் தட்டித் தட்டிக் கத்துவேன். அவர் வெளியே நின்று கை காட்டுவார், என்னை வழியனுப்ப வந்தவர் மாதிரி.

ஊர்ச்சனம் அவருக்கு வேறு பெயர் வைத்திருந்தது. "கிளப்பில பாடினவ." ஒரு கலியாண வீட்டில் நான் அவரைப் பற்றி ஏதோ சொல்லப்போக, பக்கத்தில் இருந்த ஒரு மனுசி காதுக்குள் வந்து, "உம்மட மேல்வீட்டுக்காரியோ? கறுப்பினத்தவரோட கிளப் கிளப்பாப் பாடித் திரிஞ்சவ. கவனமா இரும்," என்றார். எதில் கவனமாக இருப்பது என்று கேட்டேன். எங்கள் சனத்துக்கு எச்சரிக்கத்தான் தெரியும், ஏன் என்று கேட்டால் வடையை எடுத்து வாயில் வைத்துக்கொள்ளும்.

அக்கா என்ன பாடினார் என்று எனக்குக் காட்டியவன் என் மகன் அகிலன். ஒரு நாள் பகல் அவன் கணினியைத் தூக்கிக்கொண்டு தையல் அறைக்குள் ஓடி வந்தான்.

"அம்மா, சீரியஸ்லி, இது மேல்வீட்டு அன்ரி!"

திரையில் ஒரு பழைய இசைத்தட்டின் உறை. பெரிய வட்டமாகச் சுருட்டிய தலைமயிர், மினுங்குகிற நீளச் சட்டை, இளமையான அக்கா. கீழே எங்கெங்கோ நாட்டுக்காரர் எல்லாம் எழுதியிருந்தார்கள், இந்தப் பெண் யார், உயிரோடு இருக்கிறாரா என்று. சோல், ஃபங்க் என்று சொல்கிற அந்த வகைப் பாட்டில் லண்டனில் வெளிவந்த நல்ல தட்டுகளில் இது ஒன்று என்றான் அகிலன். எனக்கு அந்தச் சொற்கள் இரண்டும் ஒன்றுதான். ஸ்திரிப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "போடு, கேப்பம்," என்றேன்.

முதலில் டிரம் வந்தது. பிறகு பேஸ் கிற்றார், தடித்த குரலில் ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னது. அதற்கு மேல் குழல்கள் சேர்ந்தன. ஒரு சுற்றுப் போனது. இன்னொரு சுற்றுப் போனது. இன்னும் இன்னும் சுற்றியது. அக்காவைக் காணவில்லை.

"பாட்டுக்காரி வரேல்லையோடா?" என்றேன்.

"வெயிற் அம்மா."

எனக்கு எங்கே காத்திருக்க ஏலும்? நான் திரும்பி ஸ்திரிப்பெட்டியைச் சட்டையில் வைத்த நேரம் அந்தக் குரல் வந்தது. அது கத்தவில்லை, கெஞ்சவும் இல்லை. நெடுநேரம் வெளிவாசலில் நின்ற ஒருத்தி, சரி இனி உள்ளே போகலாம் என்று தானாக முடிவெடுத்து நடந்து வருவதுபோல இருந்தது. தாளம் விழுகிற இடத்தில் சொல் விழவில்லை. தாளம் விழுந்து, ஐயோ விட்டுவிட்டாளே என்று நெஞ்சு பதறி, அந்தப் பதற்றத்துக்குப் பிறகு சொல் வந்து மெதுவாக உட்கார்ந்தது. ஒவ்வொரு வரியிலும் அப்படி. எனக்கு அந்த ஆங்கிலத்தில் பாதி விளங்கவில்லை. ஆனால் கண்ணீர் வந்துகொண்டே இருந்தது, யாருடையதோ பச்சைப் பட்டுச் சட்டையின் கையும் தீய்ந்துபோனது.

நான் நேரே மேலே போனேன். அன்றைக்கு மணி அடிக்காமல் கதவைத் தட்டினேன். அவர் வருவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொள்ள எனக்கும் நேரம் தேவைப்பட்டது.

"ஏன் அக்கா அவ்வளவு பிந்தி வாறியள், அந்தப் பாட்டில?"

அக்காவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "உந்தப் பாட்டை எங்க பிடிச்சனீர்?" என்று சிரித்தார். பிறகு யோசித்துச் சொன்னார். "அவை நல்லா வாசிச்சுக்கொண்டு நிண்டவை பிள்ளை. அதுக்குள்ள போய் நான் ஏன் குழப்புவான்?"

தட்டுப் போட்ட கொம்பனிக்காரர் அந்த நீளமான முன்பகுதியை வெட்டச் சொல்லிச் சண்டை பிடித்தாராம். பேஸ் கிற்றார் வாசித்தவர் விடவில்லை. அதோடு கொம்பனியும் படுத்துவிட்டது, தட்டுகள் ஏதோ கிடங்கில் கிடந்தன. பல வருடம் கழித்து இளம் பெடியன்கள் அதைத் தோண்டி எடுத்தார்கள். எடுத்து, அந்த முன்பகுதியை மட்டும் வெட்டி, அதன்மேல் தங்கள் பாட்டுகளைப் போட்டார்கள். அகிலன் எனக்கு ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினான். சப்பாத்து விளம்பரத்தில்கூட அது வந்தது. உலகம் முழுக்கச் சுற்றிய அந்தத் துண்டில் அக்காவின் குரல் கிடையாது. அவர் பாடாமல் நின்ற நேரம்தான் அதில் இருக்கிறது.

நான் வெட்டின பெடியன்களைத் திட்டினேன். அக்கா கவலைப்படவில்லை. "நான் இல்லையெண்டு ஆர் சொன்னது? வெட்டினவன் கொஞ்சம் கவனமில்லாமல் வெட்டியிருக்கிறான். முடிவில காதைக் குடுத்துக் கேளும். மூச்சு எடுக்கிறது நான்தான்," என்றார். கேட்டேன். உண்மைதான், ஒரு சின்ன மூச்சு இருந்தது.

இந்த மனுசியைத்தான் எங்கள் ஆட்கள் தாளம் தெரியாதவர் என்று சொல்லி விரட்டினார்கள். தொண்ணூறுகளில் லண்டனில் தமிழ்க் கலியாணங்கள் பெருகியபோது, ஒரு இசைக்குழு அக்காவைச் சினிமாப் பாட்டுப் பாடக் கூப்பிட்டிருக்கிறது. கொழும்பில் மாதா கோயில் பாடகர் குழுவில் வளர்ந்தவர், நல்ல குரல், தமிழ்ப் பிள்ளை, வேறென்ன வேண்டும்? மணப்பெண் மண்டபத்துக்குள் வருகிற நேரம், கீபோர்ட் பெடியன் பல்லவிக்கு இடம் கொடுத்திருக்கிறான். அக்கா வரவில்லை. திரும்பக் கொடுத்திருக்கிறான். வரவில்லை. பெண் மணவறையில் ஏறி இருந்த பிறகு அக்கா ஆறுதலாகப் பாட்டைத் தொடங்கினாராம். "பொம்பிளையும் வடிவு, அவ நடந்த நடையும் வடிவு. நானும் பாத்துக்கொண்டு நிண்டிட்டன்," என்று அவர் எனக்குச் சொல்லிச் சிரித்தார். குழுத் தலைவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு தமிழ் மேடையும் அவரைக் கூப்பிடவில்லை. அவர் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிற வேலைக்குப் போனார், ஓய்வு வரும்வரை அங்கேயே இருந்தார். அங்கே பிள்ளைகளுக்கு அவரில் உயிர். பட்டாணியா பீன்ஸா என்று ஒரு குழந்தை முடிவெடுக்கும்வரை கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்க லண்டனில் வேறு யாருக்குப் பொறுமை இருக்கிறது?

சனிக்கிழமைகளில் அந்தப் பேஸ் கிற்றார்க்காரர் வருவார். ஜமேக்காவைச் சேர்ந்தவர், உயரமான கிழவர், மனைவியை இழந்தவர். பொரித்த மீனைத் தாளில் சுற்றிக்கொண்டு வந்து, மணியை ஒரே ஒரு தடவை அடித்துவிட்டுப் படியில் இருந்துவிடுவார். கதவு திறக்கும்வரை பேப்பர் படிப்பார். திரும்ப மணி அடிக்காமல் அங்கே காத்திருந்த ஒரே மனிதர் அவர். நான் ஜன்னலால் பார்த்துப் பார்த்து ஒரு நாள் அக்காவிடம் கேட்டேவிட்டேன்.

"அவர் உங்களைக் கேக்கேல்லையே அக்கா? அந்தக் காலத்தில?"

"கேட்டவர்."

"பிறகு?"

அக்கா மீன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "ஓம் எண்டு சொல்லத்தான் இருந்தனான். சரியான நேரம் வரட்டும் எண்டு பாத்தன். அவருக்கும் வயது போகுதுதானே. வேற இடத்தில கட்டீட்டார்."

அன்றுதான் எனக்கு முதன்முதலாக அவருடைய ஆறுதலில் பயம் வந்தது. அதுவரை அதை நான் ஒரு அழகான சோம்பல் என்று நினைத்திருந்தேன். பாட்டில் என்னை அழவைத்த அதே குணம் அந்த வீட்டுக்குள் வேறு வேலையும் பார்த்திருக்கிறது என்று விளங்கியது. பாட்டுக்கென்று ஒன்று, வாழ்க்கைக்கென்று ஒன்று என்று இரண்டு விதமான நிதானம் வைத்துக்கொள்ள ஏலாதா ஒரு மனுசிக்கு? எனக்கு அவரைப் பிடித்து உலுப்ப வேண்டும்போல இருந்தது.

பிறகு அவருடைய குரல் கம்மியது. குளிர் என்றார். இஞ்சி குடித்தார். ஆஸ்பத்திரி கொடுத்த முதல் தவணையை, அன்று கிற்றார்க் கிழவருக்குக் கண் ஒப்பரேஷன் என்று தள்ளிவைத்தார். அடுத்ததற்குப் போகிற வழியில் பஸ்ஸை விட்டார். ஒருவழியாக நான் கூட்டிக்கொண்டு போன அன்று, வைத்தியர் படத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம் என்றார். அக்காவின் குரல்வளையையே எடுக்க வேண்டி இருந்தது. எடுத்தால் உயிர் கொஞ்சக் காலம் நிற்கலாம், குரல் திரும்பாது. நான் ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று அவரைத் திட்டினேன். வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். அவர் என் தோளில் கை வைத்து, "சரி பிள்ளை, சரி," என்று என்னைத் தேற்றினார்.

அந்த ஒப்பரேஷனுக்குப் பிறகு அக்கா ஒரு குளிர்காலம் இருந்தார். பேச்சில்லாத அந்த மாதங்களைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. நான் எழுத உட்கார்ந்தது ஒப்பரேஷனுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான்.

ஆங்கிலப் பத்திரிகை ஒன்று எப்படியோ அக்காவைத் தேடிப் பிடித்து அரைப்பக்கம் எழுதியிருந்தது. வெள்ளைக்காரன் எழுதினால் எங்கள் ஆட்களுக்கு உடனே ஞானம் வரும். கிளப்பில் பாடினவர் ஒரே நாளில் எங்கள் இனத்தின் சொத்தாகிவிட்டார். தமிழ் அமைப்பு ஒன்றின் தலைவர் போன் பண்ணினார். அதிசயமாக அக்கா உடனே எடுத்தார். பாராட்டு விழா, பொன்னாடை, பட்டம் எல்லாம் உண்டு என்றார் தலைவர். "பொன்னாடை வேண்டாம் தம்பி. ஒரு பாட்டுப் பாட விடுவியளோ?" என்று கேட்டார் அக்கா. அதற்கென்ன, கட்டாயம் என்றார் தலைவர்.

அக்காவிடம் ஒரு தமிழ்ப் பாட்டு இருந்தது. தானே எழுதி, தன்னுடைய அந்த முறையில் இசைபோட்டு, பல வருடமாக வைத்திருந்தது. குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று எனக்கு ஒரு தடவை பாடிக் காட்டினார். 'போறவை போகட்டும், நான் பிறகு வாறன்' என்று தொடங்கும். எங்கள் வீட்டுப் பேச்சு அந்தத் தாளத்தில் ஏறி இருந்ததைக் கேட்டபோது, இப்படி ஒன்று ஏலும் என்று இத்தனை காலம் எங்களுக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்று தோன்றியது. கம்மிய குரல்தான், ஆனாலும் போதும். வைத்தியரும் ஒரு பாட்டு என்றால் பாடலாம் என்றார்.

"இங்கிலீசில எல்லாரும் கேட்டிட்டினம். என்ட சனம் என்ட பாசையில ஒருக்காக் கேக்கட்டும் பிள்ளை. அது போதும் எனக்கு," என்றார். அக்கா தனக்கென்று ஒன்று வேண்டும் என்று கேட்டு நான் கேட்டது அது ஒன்றைத்தான்.

விழா நோட்டீஸ் வந்தது. நடுவில் பெரிய சுருட்டைத் தலைமயிரோடு அக்கா, மூலையில் வீணையோடு சரஸ்வதி, கீழே கொட்டை எழுத்தில் 'புகழ்பெற்ற ஆன்மீகப் பாடகிக்குப் பாராட்டு விழா.' சோல் என்பதை யாரோ அகராதியில் பார்த்திருக்கிறார்கள். சோல் என்றால் ஆன்மா. ஆன்மாவைப் பாடுகிறவர் ஆன்மீகப் பாடகி. அக்கா கத்தோலிக்கர். நான் தலையில் அடித்துக்கொண்டு தலைவருக்குப் போன் பண்ணப் போக, அக்கா தடுத்துவிட்டார். "விடும். பெரிய பிழை எண்டும் சொல்லேலாது," என்று சிரித்தார். அமைப்பின் கவிஞர் வேறு வீட்டுக்கு வந்து, 'போறவை போகட்டும்' கொச்சை என்றும், 'செல்பவர் செல்லட்டும், யான் பின்னர் வருகுவன்' என்று மாற்றினால் சபைக்கு அழகு என்றும் சொன்னார். அவருக்கும் ஆறுதலாக ஒரு கோப்பி கிடைத்தது. பாட்டு மாறவில்லை.

விழா பிற்பகல் இரண்டு மணிக்கு. நான் ஒரு மணிக்கே அக்காவைக் கொண்டுபோய் இருத்திவிட்டேன். இந்த ஒரு நாளாவது பிந்த விடுவதில்லை என்று சபதம். அவருடைய அந்தப் பழைய மினுங்கல் சட்டையை மெலிந்துபோன உடம்புக்கு ஏற்றபடி நான் பிடித்துத் தைத்திருந்தேன். கிற்றார்க் கிழவர் சூட் போட்டுக்கொண்டு, கிற்றாரை மடியில் வைத்தபடி மேடை ஓரத்தில் இருந்தார். டிரம் வாசிக்க ஒரு பெடியனையும் கூட்டி வந்திருந்தார். இரண்டு மணிக்கு மண்டபத்தில் நாங்கள்தான் இருந்தோம். மூன்றரைக்கு மங்கள விளக்கு ஏற்றினார்கள். விளக்கேற்றவே ஆறேழு பேர்.

பிறகு பேச்சு. தலைவர் பேசினார். முன்னாள் தலைவர் பேசினார். முன்னாள் பேசியதால் அதற்கு முந்தியவரும் பேச வேண்டியதாயிற்று. கோயில் பிரமுகர் ஒருவர் எழுந்து, பக்தி இசை இருளில் ஆழ்ந்த மேலை நாட்டுக்கு எப்படி ஒளியூட்டுகிறது என்று விளக்கினார். கவிஞர் கவிதை வாசித்தார். கொச்சை இல்லாத கவிதை. ஒவ்வொருவரும் முடிக்கும்போது, இசையரசி இன்னும் சற்று நேரத்தில் எங்களை இசை மழையில் நனைக்கப்போகிறார் என்று சொல்லிச் சொல்லி அமர்ந்தார்கள். பொன்னாடைகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக விழுந்தன. அக்கா ஒவ்வொருவருக்கும் எழுந்து குனிந்து கொடுத்தார். யாரையும் அவசரப்படுத்தவில்லை. நான் நாலாவது வரிசையில் இருந்து கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து உள்ளுக்குள் வெந்தேன். ஆறு மணிக்கு அந்த மண்டபத்தை வேறு ஆட்களின் பிறந்தநாள் கொண்டாட்டத்துக்குக் கொடுக்க வேண்டும். பலூன்களோடு அவர்கள் வெளியே வந்து நின்றுவிட்டார்கள். மண்டபக்காரர் கதவால் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்.

இரண்டு தரம் எழுந்துபோய் அறிவிப்பாளரிடம் சொன்னேன். தமிழ் வானொலியில் அறிவிப்புச் செய்கிற இளம் பெடியன், மரியாதையானவன்தான். "ஓம் அன்ரி, அடுத்தது அவதான், அடுத்தது அவதான்," என்றான்.

கடைசியில் அக்காவைக் கூப்பிட்டபோது, ஐந்து நிமிடத்துக்கும் குறைவு இருந்தது. "நேரம் கருதி ஒரு பல்லவி மட்டும்," என்றான் அறிவிப்பாளன்.

அக்கா தோளில் இருந்த பொன்னாடைகளைக் கழற்றிக் கதிரையில் வைத்தார். மினுங்கல் சட்டை வெளியே தெரிந்தது. ஒலிவாங்கியைக் கையில் வாங்கி, கிழவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். டிரம் தொடங்கியது. பேஸ் வந்தது. மண்டபத்தில் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். முன்வரிசையில் ஒரு குழந்தை கதிரையை விட்டு இறங்கி ஆடத் தொடங்கியது.

ஒரு சுற்றுப் போனது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். இடது கை மட்டும் இடுப்பில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. அவர் பிந்தித்தான் வருவார் என்று எனக்கு இப்போது தெரியும், அதனால் நான் பதறவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் கடிகாரத்தைப் பார்க்காமல் காத்திருந்தேன். இரண்டாவது சுற்றுப் போனது. சனம் ஒருவரை ஒருவர் பார்த்தது. சொல்லை மறந்துவிட்டா, பாவம், என்று எனக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள். சுகமில்லாத வருத்தக்காரி, என்றார் இன்னொருவர். மூன்றாவது சுற்றின் நடுவில் அறிவிப்பாளன் மேடையில் ஏறினான். மிகவும் மெதுவாக, மிகவும் பணிவாக, அக்காவின் கையில் இருந்து ஒலிவாங்கியை எடுத்தான்.

"அம்மா அவர்கள் உணர்ச்சிப் பெருக்கினால் பாட முடியாமல் நிற்கிறார்கள். இந்த வேளையில் அவருக்கு நாம் எல்லோரும் ஆறுதலாக இருப்போம். பலத்த கரகோசம்!"

"விடடா! அவ பாடப்போறா!" என்று நான் எழுந்து கத்தினேன். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது, என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. பலபேர் அழுதார்கள். உண்மையாகவே அழுதார்கள், அவர்களில் கெட்டவர் ஒருவரும் இல்லை. அக்கா கண்ணைத் திறந்தார். வெறுங்கையைப் பார்த்தார். பிறகு சபையைப் பார்த்துக் கும்பிட்டார். அதற்குப் பிறகும் நன்றியுரைக்கு நேரம் இருந்தது.

அகிலன்தான் கார் ஓட்டினான். முன்னால் கிழவர், பின்னால் நானும் அக்காவும். அக்காவின் மடியில் பொன்னாடைகள் குவிந்து கிடந்தன, அவர் ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டு வந்தார். நான் அமைப்பின் தலைவர், முன்னாள் தலைவர் எல்லாரையும் பரம்பரை பரம்பரையாகத் திட்டி முடித்தேன். திட்டித் தீர்ந்ததும் எனக்கு அழுகை வந்தது.

"நேரமில்லை எண்டு தெரியும்தானே அக்கா? முதலே துடங்கியிருக்கலாமே? இண்டைக்கு ஒரு நாளைக்கெண்டாலும்?"

அவர் அடுத்த பொன்னாடையை எடுத்து மடித்தார். சிவப்பு விளக்கில் கார் நின்றது. முன்னால் இருந்த கிழவர் திரும்பாமலே ஆங்கிலத்தில் கேட்டார், "எந்தச் சுற்றில் வருவதாக இருந்தாய்?"

"அடுத்ததில," என்றார் அக்கா, தமிழிலேயே.

தமிழ் தெரியாத அந்தக் கிழவர் தலையை ஆட்டினார். "அப்படித்தான் நினைத்தேன். உனக்கு இடம் விட்டுத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன்," என்றார்.

அகிலன் ஸ்ரியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். பச்சை விழுந்தது. அவன் எடுக்கவில்லை. பின்னால் ஒரு கார் ஹோர்ன் அடித்தது, பிறகு இன்னொன்று அடித்தது.

அக்கா முன்னே குனிந்து அவன் தோளைத் தொட்டார்.

"எடு ராசா. பின்னுக்கு நிக்கிறவை பாவம்."